தட்டைச் சுற்ற வைப்பது எளிது, கண்ணை எங்கே வைப்பது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். டெக்சஸில் இருக்கிறீர்கள். வார இறுதிகளில் பிஸ்டல் போட்டிகளுக்குப் போகிறீர்கள். ஐந்து நிலையங்களும் ஒரே இழுப்பில் வேலை செய்யும் புரோகிரசிவ் பிரஸ்ஸில் 9 மி.மீ. தோட்டாக்களை நீங்களே ரீலோட் செய்கிறீர்கள், அதாவது சுட்ட கூடுகளில் மறுபடி பவுடரும் குண்டும் நிரப்புகிறீர்கள். குண்டைத் தானாகக் கொண்டுவந்து வைக்கும் புல்லட் ஃபீடர் கடையில் பல நூறு டாலர் ஆகிறது, வீட்டில் 3டி பிரிண்டர் சும்மா கிடக்கிறது. ஃபீடரை நீங்களே செய்தால் அதன் சுழல் தட்டுக்கு எந்த மோட்டார் வாங்கலாம், அதே தட்டைப் பிரைமருக்கும் பயன்படுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மேலே தெரிவது மோட்டார் கேள்வி. உள்ளே மூன்று கேள்விகள் இருக்கின்றன. தாறுமாறாகக் கிடக்கும் குண்டுகளை ஒரே பக்கம் பார்க்க வைப்பது எப்படி? வரிசையில் நிற்கும் குண்டுகளில் ஒன்றே ஒன்றை மட்டும் விடுவது எப்படி? குண்டு வைக்கும் வேலையை இடது கையிடமிருந்து பிடுங்கிவிட்டால், அந்தக் கையோடு சேர்ந்து கண் பார்த்துவந்த வேலையை இனி யார் பார்ப்பது? மூன்றாவதை நீங்கள் கேட்கவில்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. கோயம்புத்தூரில் பதினோரு வருடம் பார்ட் ஃபீடர் செய்யும் பட்டறையில் இருந்தேன். திருகு, பாட்டில் மூடி, பம்ப்பின் சின்ன உதிரிகள் என்று எதையாவது கிண்ணத்தில் கொட்டி, அது ஒவ்வொன்றாக நேராக வெளியே வரும்படி செய்வதுதான் பிழைப்பு. இப்போது ஒஹாயோவில் இருக்கிறேன். ரீலோடிங் ஒன்பது வருடப் பழக்கம், வீட்டில் செய்த ஃபீடர் ஆறு வருடமாக ஓடுகிறது. நான் ஓட்டியது 9 மி.மீ., .45 ஏசிபி இரண்டையும்தான். ரைஃபிள் குண்டில் கை வைத்ததில்லை. ஆகவே கீழே சொல்வதை .223 குண்டுக்கு அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அது நீளமான, பல வகைகளில் பின்பக்கமும் குறுகிய உருவம், அதன் கணக்கே வேறு.

சொற்களையும் பிரித்துக்கொள்வோம். தமிழில் எல்லாவற்றையும் தோட்டா என்போம். புல்லட் என்றால் ஊரில் பாதிப் பேருக்குப் பைக் ஞாபகம் வரும். இங்கே தோட்டா என்றால் முழுசாகச் சேர்த்தது. குண்டு என்றால் நுனியில் உட்கார்ந்து பறந்து போகும் ஈயமும் செம்பும் மட்டும். கூடு என்றால் பித்தளை ஓடு. கூட்டின் அடியில் உட்கார்ந்து, அடிபட்டதும் தீ மூட்டும் பிரைமர், உள்ளே எரிந்து குண்டைத் தள்ளும் பவுடர் இரண்டும் அப்படியே இருக்கட்டும்.

சட்டம் பற்றி ஒரே பத்தி, ஏனென்றால் இதை ஊரிலிருந்தும் யாராவது படிப்பார்கள். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு ரீலோட் செய்ய மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. செய்து விற்கிற தொழிலாக நடத்தினால் 1968-ஆம் வருடத்துச் சட்டப்படி உரிமம் வேண்டும். பவுடரும் பிரைமரும் வீட்டில் எவ்வளவு வைக்கலாம் என்பதற்கு ஊருக்கு ஊர் தீயணைப்பு விதிகள் உண்டு, உங்கள் ஊர் விதியைப் பாருங்கள். இந்தியாவில் கதை வேறு. 1959-ஆம் வருட ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதே குற்றம். அங்கே இருப்பவர்கள் இதை எந்திரக் கதையாகப் படித்துவிட்டுப் போகலாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். புல்லட் ஃபீடர் என்பது மூன்று பாகம். மேலே குண்டுகளைப் பொறுக்கி நேராக்கும் சுழல் தட்டு. நடுவில் குழாய். கீழே பிரஸ்ஸின் தலையில் திருகி மாட்டும், ஒரு குண்டை மட்டும் விடும் டை (ஒவ்வொரு நிலையத்திலும் வேலையைச் செய்யும் எஃகுக் கருவியை டை என்போம்). என் யோசனை, முதல் இரண்டையும் செய்யுங்கள், மூன்றாவதை வாங்குங்கள். அந்த டை தனியாகவே விற்கிறது. உள்ளே சின்ன எஃகு உருண்டைகள் குண்டு வரிசையைப் பிடித்துக்கொண்டிருக்கும். கூடு மேலே வந்து உள்ளிருக்கும் குழலைத் தூக்கும்போது கடைசிக் குண்டு மட்டும் நழுவி வாயில் உட்காரும், அதற்கு மேலே உள்ளதை உருண்டைகள் மறுபடி கவ்விக்கொள்ளும். இதில் 0.1 மி.மீ. தவறினால் ஒன்றும் விழாது, அல்லது இரண்டு விழும். பிளாஸ்டிக்கில் இதை அச்சிட்டு வெற்றி கண்டவர்களும் உண்டு. நான் மூன்று முறை அச்சிட்டு, மூன்றையும் குப்பையில் போட்டு, நாலாவது முறை கடையில் வாங்கக் கிரெடிட் கார்டை எடுத்தேன்.

தட்டுக்கு வருவோம். பழைய தொழில் புத்தியில் நான் முதலில் செய்தது அதிர்வுக் கிண்ணம். காந்தச் சுருள், தகட்டு ஸ்பிரிங், சுருண்டு ஏறும் பாதை எல்லாம் வைத்து அழகாகச் செய்தேன். முதல் தலைவலி மின்சாரம். ஊரில் 50 ஹெர்ட்ஸ், அதனால் காந்தம் நொடிக்கு 100 தரம் இழுக்கும். இங்கே 60 ஹெர்ட்ஸ், 120 தரம். அங்கே மனப்பாடமாக வைத்திருந்த ஸ்பிரிங் கனம் இங்கே செல்லாது. அதைச் சரிசெய்துவிட்டேன். இரண்டாவது தலைவலிதான் கிண்ணத்தையே கழற்ற வைத்தது. பிரஸ் மாட்டிய அதே மேசையில் கிண்ணம் அதிர்ந்தால், கூடுகளுக்குப் பவுடரை அளந்து விடும் பவுடர் மெஷரில் இருக்கும் பவுடரும் அதிர்ந்து இறுகும். மெஷர் அளப்பது கொள்ளளவை, எடையை அல்ல. படியில் அரிசியைத் தட்டித் தட்டி அளந்தால் ஒரு கைப்பிடி கூடுதலாகப் பிடிக்கும் இல்லையா, அதேதான். காலையில் சரியாக இருந்த எடை ஒரு மணி நேரத்தில் மேலே நகர்ந்திருந்ததைத் தராசில் பார்த்தேன். அன்றோடு கிண்ணம் பரணுக்குப் போனது. ஆகவே உங்களுக்கும் அதிர்வு வேண்டாம், மெதுவாகச் சுற்றும் சாய்ந்த தட்டு போதும்.

என்னுடைய தட்டு 25 செ.மீ. விட்டம், தரையிலிருந்து 45 பாகை சாய்வு. தட்டுக்குப் பின்னால் அசையாத ஒரு பலகை, சுற்றிலும் ஒரு வளையச் சுவர். தட்டின் ஓரத்தில் 20 பள்ளங்கள். ஒவ்வொன்றும் மையத்தைப் பார்த்தபடி 20 மி.மீ. நீளம், 10 மி.மீ. அகலம், அடிப்பக்கம் திறந்தது. ஆக, பள்ளத்தில் படுக்கும் குண்டுக்குத் தரையாக இருப்பது பின் பலகைதான். 9 மி.மீ. குண்டின் விட்டம் 9.02 மி.மீ., 124 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அலகு) உருண்டை மூக்குக் குண்டின் நீளம் ஏறத்தாழ 15 மி.மீ. எனவே பள்ளத்தில் அது இரண்டே விதத்தில்தான் படுக்க முடியும், அடிப்பாகம் வெளிச்சுவர்ப் பக்கம் அல்லது மூக்கு வெளிச்சுவர்ப் பக்கம். சில குண்டுகள் பள்ளத்தில் நட்டுக்கொண்டு நிற்கும், சில இன்னொன்றின் முதுகில் சவாரி வரும். அவற்றைத் தட்டிவிடப் பலகையிலிருந்து 11 மி.மீ. உயரத்தில் ஒரு பழைய நைலான் பிரஷ்.

இரண்டு விதத்தில் ஒன்றை மட்டும் எப்படிப் பிரிப்பது? இங்கேதான் பலரும் புரட்டிப் போடும் வித்தையில் இறங்குகிறார்கள், தப்பாக வருகிற குண்டை ஒரு சரிவில் குட்டிக்கரணம் அடிக்க வைப்பது. முடியும், ஓடுகிற வடிவமைப்புகளும் இருக்கின்றன. ஆனால் பட்டறையில் எங்கள் மூத்த ஃபோர்மேன் முதல் வாரமே சொல்லித் தந்த பாடம் வேறு. தப்பாக வருவதைத் திருத்தப் பார்க்காதே, திரும்பக் கிண்ணத்தில் தள்ளு, அடுத்த சுற்றில் அது தானாகச் சரியாக வரும். உற்பத்தி பாதியாகும், சிக்கல் பத்தில் ஒன்றாகும். வீட்டில் நிமிடத்துக்கு எத்தனை குண்டு வேண்டும் என்று கணக்குப் போட்டால் பாதி நமக்குத் தாராளம்.

குண்டின் ஈர்ப்பு மையம் நடுவில் இல்லை, அடிப்பக்கம் தள்ளி இருக்கிறது. அதுதான் நமக்குக் கிடைத்த துருப்பு. 15 மி.மீ. குண்டை 7 மி.மீ. உருளை, 8 மி.மீ. உருண்டை மூக்கு என்று பிரித்துக் கணக்குப் போட்டால் ஈர்ப்பு மையம் அடியிலிருந்து 6.3 மி.மீ.யில் வரும். நடு நீளம் 7.5. வித்தியாசம் 1.2 மி.மீ., அவ்வளவுதான், ஆனால் போதும். பின் பலகையை ஒரு கடிகார முகமாக நினைத்துக்கொள்ளுங்கள், தட்டு வலஞ்சுழியாகச் சுற்றுகிறது, குண்டுக் குவியல் 6 மணி இடத்தில் கிடக்கிறது. 8 மணி இடத்தில் பலகையின் உட்பக்கத்தை வெட்டிவிட்டு, வெளிச்சுவரை ஒட்டி 7.5 மி.மீ. அகலத்துக்கு ஒரு திண்ணை மட்டும் விடுங்கள். அடிப்பாகம் சுவர்ப் பக்கம் இருக்கும் குண்டின் ஈர்ப்பு மையம் சுவரிலிருந்து 6.3-ல் இருக்கும். திண்ணை அதைத் தாங்கும், குண்டு படுத்தபடியே போகும். மூக்கு சுவர்ப் பக்கம் இருக்கும் குண்டின் ஈர்ப்பு மையம் 8.7-ல் இருக்கும். அதற்குத் திண்ணை போதாது, உட்பக்கம் சாய்ந்து பின்னால் விழுந்துவிடும். உள்ளே 12.5 மி.மீ. திறப்பு இருப்பதால் 9 மி.மீ. குண்டு சிக்காமல் போகும். ஏன் 8 மணி இடம்? அங்கே சாய்வு இன்னும் குண்டை வெளிச்சுவரை நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கும், அதனால் எல்லாக் குண்டும் சுவரைத் தொட்டுக்கொண்டே திண்ணைக்கு வரும். 9 மணியைத் தாண்டினால் மையத்தை நோக்கி நழுவத் தொடங்கும், 1.2 மி.மீ. கணக்கு குலைந்துபோகும். நான் முதலில் அந்த ஜன்னலை 10 மணியில் வெட்டிவிட்டு, நல்ல குண்டெல்லாம் கீழே விழுகிறதே என்று இரண்டு நாள் தலையைச் சொறிந்தேன்.

தப்பிப் பிழைத்த குண்டுகள் 9 மணி இடத்துக்கு வரும்போது எல்லாம் ஒரே திசையில் இருக்கும். அங்கே எதிர்மாறாக, பலகையின் வெளிப்பக்கத்தை வெட்டி, மூக்கு நுனியை மட்டும் தாங்கும்படி உள்ளே கொஞ்சம் விடுங்கள். அடிப்பாகம் முதலில் இறங்கும், குண்டு மூக்கு மேலே பார்க்கக் குழாய்க்குள் போகும். பின்னால் விழுந்த நிராகரிப்புகளை மறுபடி குவியலுக்குக் கொண்டுவர அழகான சறுக்கு ஒன்று வரைந்தேன், இன்னும் அச்சிடவில்லை. ஆறு வருடமாக அங்கே ஓர் எவர்சில்வர் டம்ளர்தான் இருக்கிறது. நூறு தோட்டாவுக்கு ஒருமுறை பிரைமர் குழாய் காலியாகி நிறுத்தத்தானே வேண்டும், அப்போது டம்ளரைக் குண்டுக் குவியலில் கவிழ்த்துவிடுவேன்.

குண்டு மாறினால் திண்ணை மாறும். உள்ளே குழிந்த மூக்கு உள்ள குண்டில் மூக்கு இன்னும் லேசு, ஆக வித்தியாசம் கூடும், நமக்கு லாபம். குறுகிய 115 கிரெய்ன் குண்டில் அளவுகள் சுருங்கும், அச்சின் துல்லியத்துக்கு அங்கே சோதனை. .38 ஸ்பெஷல் தோட்டாவுக்கு வரும், மூக்கு தட்டையான வாட்கட்டர் குண்டு ஒரு வேடிக்கை. இரண்டு முனையும் ஒன்றுபோல இருக்கும் வகைக்குத் திசையே தேவையில்லை. அடியில் குழிவுள்ள வகைக்குத் திசை முக்கியம், ஆனால் அடிதான் லேசு, மேலே சொன்ன தட்டு அதை நூற்றுக்கு நூறு தலைகீழாக அனுப்பும். யாராவது அதைச் செய்தால் எனக்கு ஒரு படம் அனுப்புங்கள்.

வேகக் கணக்கு இது. 20 பள்ளம், நிமிடத்துக்கு 4 சுற்று, ஆக 80 பள்ளம். என் தட்டில் பத்தில் ஆறு நிரம்பி வருகிறது, அது 48. அதில் பாதி சரியான திசை, 24. கையால் இழுக்கும் பிரஸ்ஸில் மணிக்கு 900 என்று பேய் மாதிரி இழுத்தாலும் நிமிடத்துக்கு 15-தான். ஆகவே வேகத்தைக் கூட்டும் ஆசை வேண்டாம். வேகம் கூடினால் பள்ளம் நிரம்புவது குறையும், திண்ணையில் சாய வேண்டிய குண்டு சாய நேரமில்லாமல் தாண்டிப் போகும். என் தட்டில் 7 சுற்றுக்கு மேல் தலைகீழ்க் குண்டுகள் வரத் தொடங்கின. இந்த 7 என் தட்டின் எண், உங்கள் பிளாஸ்டிக்கின் வழுவழுப்புக்கு அது மாறலாம்.

நீங்கள் கேட்ட மோட்டார் இப்போதுதான் வருகிறது, அதற்குரிய மரியாதை அவ்வளவுதான். 12 வோல்ட் கியர் மோட்டார், நிமிடத்துக்கு 4 அல்லது 5 சுற்று, 10 கிலோ-செ.மீ. முறுக்குவிசை. அது தட்டின் விளிம்பில் ஏறத்தாழ 0.8 கிலோ விசை. அதற்கு மேல் வேண்டாம். பலமான மோட்டார் வாங்கினால் சிக்கிய குண்டை நசுக்கும், பள்ளத்தின் உதட்டை உடைக்கும். வார்ம் கியர் வகையாக இருந்தால் கையால் பின்னோக்கித் திருப்பவும் முடியாது. மோட்டாருக்கும் தட்டுக்கும் நடுவே நாலு சின்னக் காந்தம் வைத்து இணைத்தால் சிக்கும்போது காந்தம் நழுவும், டக்டக்கென்று சத்தம் கேட்கும், நீங்கள் போய் எடுத்துவிடலாம். குழாயில் மேலே ஒரு மைக்ரோ சுவிட்ச் வையுங்கள், குழாய் நிரம்பினால் மோட்டார் நிற்கும், இறங்கினால் ஓடும். ஆர்டுயினோ மாதிரிச் சின்னக் கட்டுப்பாட்டுப் பலகை எல்லாம் தேவையில்லை. வைக்க ஆசையிருந்தால் வையுங்கள், நானும் வைத்தேன், பிறகு எடுத்துவிட்டேன்.

பிளாஸ்டிக் பற்றி டெக்சஸ்காரரான உங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பிஎல்ஏ என்ற அச்சுப் பிளாஸ்டிக் 60 பாகை செல்சியஸ் பக்கத்திலேயே இளகத் தொடங்கும். ஜன்னல் வெயில் விழும் காரேஜில் ஜூலை மாதம் தட்டு வளைந்தால் 1.2 மி.மீ. கணக்குக்கு அர்த்தமே இல்லை. பெட்ஜி என்ற வகை 80 வரை தாங்கும், அதில் அச்சிடுங்கள்.

குழாய்க்கு நெருக்கமாகச் சுற்றிய நீளமான எஃகு ஸ்பிரிங் நல்லது. வளையும், ஒட்டாது, இடைவெளி வழியே குண்டு வரிசை கண்ணுக்குத் தெரியும். உள்விட்டம் 9.5 மி.மீ. சரியாக இருந்தது. 11-க்குப் போனால் ஒரு குண்டின் மூக்கு அடுத்ததன் அடிப்பக்க ஓரத்தில் ஆப்பு மாதிரி ஏறிக்கொள்ளும். இருபது குண்டு போதும், 124 கிரெய்ன் என்றால் 8 கிராம், இருபதுக்கு 160 கிராம். இன்னும் நீளமாக வைத்தால் அந்த எடையே கீழே உள்ள டையின் உருண்டைகளை மிரட்டும்.

கீழே வந்த குண்டு கூட்டின் வாயில் உட்கார்ந்தால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். அடுத்த நிலையத்துக்குப் பிரஸ்ஸின் தட்டு சுழலும் அந்த ஒரு குலுக்கலில் அது சாய்ந்துவிடும். இதுவரை உங்கள் விரல் கடைசி நொடிவரை பிடித்துக்கொண்டிருந்தது, இனி விரல் இல்லை. கூட்டின் வாயைச் சற்றே விரிக்கிறோமே, அந்த விரிப்பு போதாவிட்டால் குண்டு கீழே உருளும், மிகையானால் பித்தளை நாலைந்து சுற்றிலேயே விளிம்பில் பிளக்கும். லைமன் எம் டை மாதிரி உள்ளே ஒரு படி வைத்து விரிக்கும் வகையில் குண்டு நேராக உட்காரும். என் தொல்லைகளில் பாதி அதை மாட்டியதும் போனது. பல கம்பெனிக் கூடுகளைக் கலந்து ஓட்டினால் நீளம் கொஞ்சம் முன்பின் இருக்கும், விரிப்பும் அதோடு ஆடும்.

இனி அந்த மூன்றாவது கேள்வி. ஃபீடர் இல்லாதபோது ஒவ்வொரு கூட்டின் வாயிலும் நீங்களே குண்டு வைத்தீர்கள். வைக்க வேண்டுமானால் அந்தக் கூட்டைப் பார்த்தே ஆக வேண்டும். பார்க்கும்போது உள்ளே பவுடர் இருக்கிறதா, அளவாக இருக்கிறதா என்று கண் தானாகவே ஒரு முத்திரை போட்டுவிடும். அப்படி ஒரு பரிசோதனை நடந்துகொண்டிருந்ததே உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஃபீடர் வந்ததும் குண்டு மூடியாக வந்து உட்கார்ந்துவிடுகிறது, பார்க்க வேண்டிய அவசியமும் போய்விடுகிறது. 9 மி.மீ. கூட்டில் வேகமாக எரியும் பவுடர்கள் பலவற்றின் அளவு கூட்டில் பாதிகூட நிரம்பாது, அதனால் இரட்டை அளவு விழுந்தாலும் வழியாது, தெரியாது. இரட்டை அளவு துப்பாக்கியை உடைக்கும். பவுடரே விழாவிட்டால் பிரைமர் மட்டும் குண்டைத் தள்ளித் துப்பாக்கிக் குழலின் நடுவில் நிறுத்திவிடும். டப் என்ற மந்தச் சத்தத்தைக் கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். இரண்டுமே ரீலோடிங் செய்பவர்களுக்குப் பழைய பயங்கள்தான். ஃபீடர் அவற்றைப் புதிதாக உருவாக்குவதில்லை, அவற்றைப் பிடித்துக்கொண்டிருந்த கண்ணைத்தான் எடுத்துவிடுகிறது.

இதைச் சொந்த அனுபவத்தில்தான் சொல்கிறேன். ஃபீடர் மாட்டிய இரண்டாவது மாதம் கூடு ஒன்று சிக்கிக் கைப்பிடியைப் பாதியில் விட்டு, சரிசெய்து, மறுபடி இழுத்தேன். எந்தக் கூட்டுக்குப் பவுடர் விழுந்தது, எதற்கு விழவில்லை என்று குழப்பம். குண்டுகள் ஏற்கெனவே மேலே உட்கார்ந்துவிட்டன. அன்று செய்த 140 தோட்டாவையும் சுத்தியல் வகை இழுப்பானில் ஒவ்வொன்றாகத் தட்டிப் பிரித்தேன். ஒன்றில் பவுடர் இல்லை. அதிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறேன். கைப்பிடி பாதியில் நின்றால், பிரஸ்ஸின் தட்டில் இருக்கும் ஐந்து கூடும் வெளியே, மறுபேச்சு இல்லை.

உங்கள் பிரஸ்ஸில் ஐந்து நிலையம்தான் என்பது இங்கே இடிக்கும். கூட்டைச் சுருக்குவது, பவுடரும் விரிப்பும், குண்டு விடுவது, அழுத்துவது, வாய் இறுக்குவது என்று ஐந்தும் நிரம்பிவிடும், பவுடர் பார்க்கும் டைக்கு இடமில்லை. நான் குண்டு அழுத்துவதையும் வாய் இறுக்குவதையும் ஒரே டையில் சேர்த்து, மூன்றாவது நிலையத்தைப் பவுடர் சோதனைக்கு விட்டுவிட்டேன். பவுடர் அளவு தவறினால் கைப்பிடியையே பூட்டிவிடும் ஆர்சிபிஎஸ் லாக்அவுட் டை, கூவுகிற டில்லன் சோதனை என்று இரண்டு வகை இருக்கின்றன. கூவுவதைவிடப் பூட்டுவது எனக்குப் பிடிக்கும், காதில் கவசம் இருந்தாலும் கைக்குத் தெரியும். சேர்த்து இறுக்குவதில் ஒரு குறை உண்டு. குண்டு இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும்போதே வாய் இறுகும், செம்புப் பூச்சுக் குண்டானால் ஓரத்தில் சீவும். கூடுகளின் நீளம் ஒன்றுபோல இருந்து, இறுக்கத்தையும் லேசாக வைத்தால் சீவல் வராது. ஆறு நிலையமுள்ள லீ, பத்து நிலையமுள்ள ஃபிராங்க்ஃபோர்ட் ஆர்சனல் மாதிரியான பிரஸ்களில் இந்த இழுபறி இல்லை. சிலர் சோதனை டையை விட்டுவிட்டு, எல்இடி விளக்கும் சின்னக் கேமராவும் வைத்துத் திரையில் பார்க்கிறார்கள். என் கணிப்பில் அது பாதித் தீர்வு. திரையை முதல் நூறு தோட்டாவுக்குப் பார்ப்போம், ஐந்நூறாவதில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்போம்.

பிரைமருக்கும் இதே தட்டா என்றால் பதில், கூடாது. இதில் தயக்கமே இல்லை. குண்டு என்பது வெறும் உலோகம், நசுங்கினால் சில செண்ட் நஷ்டம். பிரைமர் அடி, உராய்வு, நிலைமின்சாரம் எதற்கும் வெடிக்கும் பொருள், அடித்தால் வெடிப்பதுதான் அதன் உத்தியோகமே. ஒன்று வெடித்தால் பக்கத்தில் இருப்பவையும் தொடர்ந்து வெடிக்கும். காந்தம் நழுவினால் டக்டக் என்று முட்டுகிற, உதடுகள் உள்ள, பிளாஸ்டிக் தட்டில் அதைக் கொட்டிச் சுற்றுவது என்ற நினைப்பே வேண்டாம்.

ஈயத்தையும் விடக்கூடாது. முழுச் செம்பு உறையோ பூச்சோ உள்ள குண்டுதான் தட்டுக்கு நல்லது. பூசாத வார்ப்புக் குண்டு தட்டில் உருண்டு உரசி, பள்ளங்களில் சாம்பல் நிறத் தூள் படியும். அது ஈயம். மெழுகு பூசிய குண்டானால் அந்த மெழுகே குழாயை அடைத்துவிடும். தட்டைக் காற்றடித்துச் சுத்தம் செய்யாதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள். கையைக் கழுவாமல் எதையும் வாயில் வைக்க வேண்டாம். வீட்டில் குழந்தை இருந்தால் அந்த டம்ளர் சமையலறைப் பக்கமே திரும்பக் கூடாது. என் மனைவி அதன் மேல் சிவப்புப் பெயின்டில் மண்டை ஓடு வரைந்து வைத்திருக்கிறாள்.

செய்வது லாபமா? மோட்டார், ஸ்பிரிங், வாங்கிய டை, பிளாஸ்டிக் எல்லாம் சேர்த்து எனக்குக் கடை விலையில் மூன்றில் ஒரு பங்கு ஆனது. மூன்று வார இறுதிகளும் போயின. என் வேகம் மணிக்கு 500-லிருந்து 700 ஆனது. மாதம் முந்நூறு தோட்டா போதும் என்பவர் அந்த வார இறுதிகளில் போய்ச் சுட்டுவிட்டு வரலாம். மாதம் ஆயிரத்துக்கு மேல் என்றால் செய்யுங்கள், இடது தோளுக்காகவாவது.

பிரிண்டரை ஓட்டுவதற்கு முன் ஒரு சோதனை. உங்களிடம் இருக்கும் குண்டில் ஐம்பதை எடுங்கள். மேசை ஓரத்தில் ஒரு குண்டைப் படுக்க வைத்து, அடியை உள்ளேயும் மூக்கை வெளியேயும் நீட்டி, எத்தனை மி.மீ.யில் கவிழ்கிறது என்று வெர்னியரில் பாருங்கள். பிறகு திருப்பி வைத்துப் பாருங்கள். ஐம்பதுக்கும் செய்து, கவிழும் இரண்டு அளவுகளையும் குண்டின் எடை, வகையோடு இங்கே எழுதுங்கள். இரண்டுக்கும் நடுவே (என் குண்டில் அது 8.7-க்கும் 6.3-க்கும் நடுவே 2.4) 1.5 மி.மீ.க்குக் குறையாமல் இடைவெளி இருந்தால் உங்கள் திண்ணையின் அகலத்தை நான் கணக்குப் போட்டுத் தருகிறேன். குறைந்தால் வேறு குண்டைப் பார்க்கலாம். அதற்குள் பவுடர் சோதனை டைக்கு ஆர்டர் போட்டுவிடுங்கள்.